கடல்நீரிலிருந்து உப்பு மட்டும் எப்படி வருகிறது?

இருபது லிட்டர் குடிநீர் கேன் ஒன்றில் கடல்நீரை நிரப்பி, ஒரு அகன்ற தொட்டியில் ஊற்றி, மொட்டைமாடியில் வைத்துவிடுங்கள். வெயில் தன் வேலையைச் செய்யட்டும். கடைசியில் அடியில் தங்குவது சுமார் 700 கிராம். உப்புதானே என்று அதைக் குழம்பில் போட்டால் கசக்கும். டப்பாவில் போட்டு வைத்தால் பிசுபிசுக்கும், என்ன செய்தாலும் காயாது. கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கும். கடல்நீரை வற்றவைத்தால் உப்பு கிடைக்கும் என்று பள்ளியில் படித்தோம். முழுவதும் வற்றவைத்தால் சாப்பிடும் உப்பு கிடைக்காது என்பதை யாரும் சொல்லவில்லை.

அந்த 700 கிராமில் சமையல் உப்பான சோடியம் குளோரைடு ஏறத்தாழ 550 கிராம். மெக்னீசியம் சேர்ந்த உப்புகள் 100 கிராமுக்கும் மேல். கசப்புக்கும் பிசுபிசுப்புக்கும் இவைதான் காரணம், இவற்றில் ஒன்று மருந்துக் கடையில் பேதி உப்பாகவே விற்கிறது. மீதியில் ஜிப்சம் எனப்படும் கால்சியம் சல்ஃபேட், பொட்டாசியம் உப்புகள், சுண்ணாம்புக்கல்லின் பொருளான கால்சியம் கார்பனேட் எல்லாம் சிறிது சிறிதாக உண்டு. கலவைக்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் கடலைவிடப் பெரிதாக எதைச் சொல்வது?

கலவை என்றால் விகிதம் இடத்துக்கு இடம் மாறும் என்று எதிர்பார்ப்போம். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த 'சேலஞ்சர்' என்ற பிரிட்டிஷ் கப்பல் கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் ஆராய்ந்து 1884-ல் முடிவை வெளியிட்டார். கடல்நீர் சில இடங்களில் நீர்த்திருந்தது, சில இடங்களில் செறிந்திருந்தது. ஆனால் கரைந்திருக்கும் முக்கியப் பொருள்களின் விகிதம் மட்டும் எங்கும் கிட்டத்தட்ட ஒன்றே. கடல் அவ்வளவு காலமாக, அவ்வளவு நன்றாகக் கலக்கப்பட்டிருக்கிறது. ஆகவே மெரினாவில் எடுத்த நீருக்குச் சொல்லும் கணக்கு அட்லாண்டிக்கின் நடுவிலும் பெரும்பாலும் செல்லும்.

கரைந்த உப்பு எங்கே போகிறது? 100 மில்லி நீரில் 36 கிராம் உப்பைக் கரைத்துப் பாருங்கள். நீர் 100 மில்லி. உப்புக்கல் மட்டும் அடைக்கும் இடம் சுமார் 17 மில்லி. கூட்டினால் 117 வரவேண்டும். அளந்தால் 114-ஐக்கூட எட்டாது! எடை சரியாக 136 கிராம், அதில் ஒரு துளிகூடக் குறையவில்லை, இடம்தான் குறைந்திருக்கிறது. நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின் சாய்வு, ஹைட்ரஜன் பக்கம் நேர்மின் சாய்வு. உப்புக்கல் என்பதோ மின்னேற்றம் பெற்ற அணுக்களின் அடுக்கு. இப்படி மின்னேற்றம் பெற்ற அணுவுக்கு அயனி என்று பெயர். நேர்மின் சோடியம் அயனியை ஆக்சிஜன் பக்கமும், எதிர்மின் குளோரைடு அயனியை ஹைட்ரஜன் பக்கமும் பிடித்திழுக்க, கல் ஓரத்திலிருந்து கலைகிறது. அயனிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் நெருக்கமாக ஒட்டிக்கொள்வதால்தான் அந்த மூன்று மில்லி காணாமல் போனது.

ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அர்ரேனியஸ் என்ற இளைஞர் 1884-ல் தன் ஆய்வேட்டில் இந்தத் திசையில்தான் சிந்தித்தார். பேராசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை, குறைந்த தரமே கொடுத்தார்கள். 1903-ல் அதே சிந்தனைக்காக அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சோடியம் தனியாக இருந்தால் கத்தியால் வெட்டக்கூடிய மெத்தென்ற உலோகம், நீரில் போட்டால் வெடிக்கும். குளோரின் தனியாக இருந்தால் மஞ்சள் கலந்த பச்சை நிற நச்சு வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஜெர்மானியப் படை அதைத்தான் திறந்துவிட்டது. இரண்டும் சேர்ந்தால் ரசத்தில் போடும் பொருள். கலவையில் கலந்தவை தத்தம் குணத்தை வைத்துக்கொள்ளும். சேர்மத்தில் பழைய குணங்கள் அழிந்து புதிய குணம் பிறக்கும். சேர்மத்தின் விகிதமும் மாறாது: எந்த நாட்டு உப்பானாலும் 100 கிராம் சோடியம் குளோரைடில் 39 கிராம் சோடியம், 61 கிராம் குளோரின். இதற்கு அன்றாடப் பயன் ஒன்று உண்டு. தின்பண்டப் பொட்டலங்களில் உப்பின் அளவைப் போடாமல் சோடியத்தின் அளவைத்தான் போடுகிறார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

இனி வேலை, கலவையிலிருந்து இந்தச் சேர்மத்தை மட்டும் பிரித்தெடுப்பது. அதைக் காணத் தூத்துக்குடிக்குப் போக வேண்டும்.

இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் தூத்துக்குடியின் பங்கே பெரிது. ஊரின் இடம் அப்படி. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிட, மழையைக் கொட்டித் தீர்த்த காற்று வறண்டு இந்தப் பக்கம் வீசுகிறது. மழை என்று பெரிதாக வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். தை, மாசியில் பாத்தியைச் சீர்செய்யத் தொடங்கினால் புரட்டாசி வரை வெயிலும் காற்றும் துணை. கடல்நீரோடு, கிணறும் போர்வெல்லும் போட்டு எடுக்கும் நிலத்தடி உவர்நீரும் இங்கே பயன்படுகிறது.

வெயிலின் உழைப்பு எவ்வளவு என்று கணக்கிட்டால் மலைப்பாக இருக்கும். நம் கேன் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 13 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பதால், நீரைச் சூடாக்குவதைவிட அந்தப் பிடியை அவிழ்ப்பதற்கே அதிக வெப்பம் செலவாகிறது. பாடநூல் இதை உள்ளுறை வெப்பம் என்று சொல்லும். அடுப்பெரித்து உப்புக் காய்ச்சினால் அரைக் கிலோ உப்புக்கே கட்டுப்படியாகாது. ஆனால் ஒரு ஏக்கர் பாத்தியின்மேல் ஒரு நல்ல வெயில் நாளில் விழும் சக்தி சுமார் 20,000 யூனிட். இதற்கு மின்வாரியம் பில் போடுவதில்லை.

சரி, வெயில் நீரை மட்டும்தான் எடுத்துச் செல்லும். கசப்பை எப்படிப் பிரிப்பது? சல்லடையால் முடியாது, வடிகட்டியாலும் முடியாது. அயனிகள் நீர் மூலக்கூறுகளின் அளவிலேயே இருப்பவை. இங்கேதான் பொருளின் ஒரு குணம் கைகொடுக்கிறது. அதன் பெயர் கரைதிறன்: குறிப்பிட்ட அளவு நீரில் ஒரு பொருள் அதிகபட்சம் எவ்வளவு கரையும் என்பது. ஒரு லிட்டர் நீரில் கால்சியம் கார்பனேட் ஒரு சிட்டிகைகூடக் கரையாது, கிராமில் நூறில் ஒரு பங்குதான். ஜிப்சம் இரண்டு கிராமுக்குச் சற்று மேல். சமையல் உப்பு 360 கிராம். மெக்னீசியம் குளோரைடு 540 கிராம். எல்லை வந்துவிட்டால் அது தெவிட்டிய கரைசல். கல்யாணப் பந்தி போலத்தான். இலைகள் நிரம்பிவிட்டால் ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்காரலாம். நீர் வற்ற வற்றப் பந்தியில் இலைகள் குறைகின்றன, உட்கார்ந்திருப்பவர்கள் எழ வேண்டியிருக்கிறது. யார் முதலில் எழுவது என்பதைக் கரைதிறன் தீர்மானிக்கிறது.

இத்தாலிய வேதியியலாளர் உசிலியோ 1849-ல் மத்தியதரைக்கடல் நீரைப் பொறுமையாக வற்றவைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இறங்குகிறது என்று எடைபோட்டார். அவருடைய கணக்கை நம் கேனுக்குப் பொருத்திப் பார்க்கலாம். 20 லிட்டர் 10 லிட்டராகும்வரை கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதன்பின் கால்சியம் கார்பனேட் மெல்லிய மாவாகப் படியத் தொடங்கும். எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று கிராம்தான். 4 லிட்டர் ஆகும்போது ஜிப்சம் இறங்கும். 2 லிட்டருக்கு வந்த பிறகே சமையல் உப்பு! பத்தில் ஒன்பது பங்கு நீர் போயாகிவிட்டது, அதுவரை ஒரு கல்லும் கிடையாது. அதன்பின் மளமளவென்று இறங்கி, முக்கால் லிட்டர் மிஞ்சும்போது உப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கீழே வந்திருக்கும். மெக்னீசியம் உப்புகளோ இன்னும் நீரிலேயே இருக்கும். அந்த நேரத்தில் மிச்ச நீரை வடித்துக் கொட்டிவிட்டால் தீர்ந்தது. நான்கில் ஒரு பங்கு உப்பு அதோடு போகிறதே என்று பேராசைப்பட்டால் கசப்பும் சேர்ந்து இறங்கும். எதை விடுவது என்று தெரிந்திருப்பதுதான் உப்புத் தொழிலின் சூட்சுமம் என்று எனக்குப் படுகிறது.

உப்பளம் முழுவதும் இந்த வரிசைக்காகவே வெட்டப்பட்டிருக்கிறது. கடல்நீரை நம்பும் உப்பளத்தில் பெரும்பகுதி நிலம் நீரைச் சேமிக்கவும் சுண்டவைக்கவும் மட்டுமே. அங்கே உப்பு இறங்குவதில்லை, இறங்கவும் விடமாட்டார்கள். முதல் பாத்திகளில் சுண்ணமும், அடுத்த பாத்திகளில் ஜிப்சமும் தங்கிவிட, தெளிந்த நீர் மட்டும் கடைசிப் பாத்திக்கு வந்து சேர்கிறது. களிமண் தரையை மிதித்து இறுக்கிய அந்தக் கடைசிப் பாத்தியில்தான் உப்பு வாருகிறார்கள். இயந்திரமே இல்லாத ஒரு பிரிப்பு ஆலை இது. வரப்பும் மடையும்தான் அதன் பாகங்கள். ஜிப்சமும் வீண் அல்ல. அது சிமென்ட் ஆலைகளுக்குப் போகும் பொருள். ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரியில் சுட்டால் தன்னுள் பிடித்துவைத்திருக்கும் நீரில் முக்கால் பங்கை விட்டுவிட்டுப் பாரிஸ் சாந்து ஆகும். மறுபடி நீர் ஊற்றினால் கல்லாக இறுகும். எலும்பு முறிந்தவருக்குப் போடும் மாவுக்கட்டு அதுவே.

நீர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பாத்தி நீரை யாரும் லிட்டரில் அளக்க முடியாது. எனவே அடர்த்தியைப் பார்க்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட கன அளவு எவ்வளவு எடை என்பதுதான் அடர்த்தி. ஒரு லிட்டர் கடல்நீர் 1,025 கிராம். உப்பு இறங்கும் நிலையில் இருக்கும் நீர் லிட்டருக்கு 1,200 கிராமைத் தாண்டிவிடும். அடியில் கனம் வைத்த மூடிய கண்ணாடிக் குழாயை நீரில் விட்டால், அடர்ந்த நீரில் அது மேலே நிற்கும், மெல்லிய நீரில் ஆழமாக அமிழும். திரவமானி எனப்படும் அந்தக் குழாயின்மேல் 'டிகிரி' கோடுகள். அந்தக் கோடுகளைப் போட்டவர் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர், ஆண்டு 1768. தூய நீரில் குழாய் நிற்கும் இடம் 0. நூற்றுக்குப் பதினைந்து பங்கு உப்பு கலந்த நீரில் நிற்கும் இடம் 15. இடைவெளியைச் சமமாகப் பங்கிட்டார், அவ்வளவுதான். கடல்நீர் மூன்றரை டிகிரி. 13-ஐ ஒட்டி ஜிப்சம் தொடங்கும். 25-ல் உப்பு. 29, 30 வந்தால் நீரை வெளியேற்ற வேண்டும். இன்று ஆய்வகங்களில் எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. உப்பளத்தில் இரண்டரை நூற்றாண்டுக்கு முந்தைய இந்தக் கோடுகளே ஆட்சி செய்கின்றன.

சர்க்கரைப் பாகு காய்ச்சி ஆறவைத்தால் கற்கண்டு கிடைக்கிறது. உப்பை ஏன் அப்படி எடுப்பதில்லை? 20 டிகிரி வெப்பத்தில் 100 கிராம் நீரில் 200 கிராம் சர்க்கரை கரையும். கொதிநிலையில் கிட்டத்தட்ட 490 கிராம். ஆறும்போது அந்த வித்தியாசம் கல்லாக விழும். உப்புக்கோ குளிர்ந்த நீரானாலும் கொதிக்கும் நீரானாலும் ஒன்றுதான்: பூஜ்ய டிகிரியில் 35.7 கிராம், 100 டிகிரியில் 39 கிராம். சூடு காட்டினாலும் அசையாத பிடிவாதக்காரப் பொருள். ஆறவைத்துப் பயனில்லை, நீரைத்தான் விரட்ட வேண்டும்.

காற்று அடங்கிய மதிய வேளையில் கடைசிப் பாத்தியின் பரப்பில் வெள்ளைப் பொட்டுகள் மிதக்கும். உப்புக்கல் தூய நீரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தியானது, ஆனாலும் மிதக்கிறது. நீரின் பரப்பு இழுவிசை அந்தச் சின்னக் கல்லைத் தாங்கிக்கொள்கிறது. கல் கனக்கக் கனக்கச் சிறிது அமிழும். நீர்மட்டத்தில் இருக்கும் அதன் விளிம்புகள் மட்டும் வேகமாக வளரும். படிக்குமேல் படியாக விளிம்பு ஏறி, கடைசியில் உள்ளே குழிந்த தலைகீழ்ப் பிரமிடு ஒன்று உருவாகிறது. எடை தாங்காமல் அது மூழ்கியதும் அடியில் நாற்புறமும் வளரத் தொடங்கும். மெதுவாக வளர்ந்தால் பெரிய கல், அவசரமாக வளர்ந்தால் பொடி. எப்படி வளர்ந்தாலும் மூலை என்னவோ செங்கோணம்தான்.

அந்தச் செங்கோணம் எங்கிருந்து வருகிறது என்பதை 1913-ல் தந்தையும் மகனுமான வில்லியம் ஹென்றி பிராக், வில்லியம் லாரன்ஸ் பிராக் கண்டுபிடித்தார்கள். எக்ஸ் கதிர்களை உப்புப் படிகத்தின்மீது செலுத்தி, அவை சிதறும் விதத்தை வைத்து உள்ளே அணுக்கள் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு: முன்பின், இடவலம், மேல்கீழ். ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் அதேபோல் ஆறு சோடியம். சதுரங்கப் பலகையை முப்பரிமாணத்தில் அடுக்கிய அமைப்பு. இதில் எந்தச் சோடியம் எந்தக் குளோரைடின் ஜோடி என்று கேட்டால் பதில் கிடையாது. உப்புக்கு மூலக்கூறே இல்லை! இது அன்றைய வேதியியலாளர்கள் சிலருக்கு ஜீரணமாகவில்லை. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த பிரிட்டிஷ் வேதியியலாளர் 1927-ல்கூட 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதி இதைக் கேலி செய்தார். அதற்குள் பிராக்குகள் 1915-லேயே நோபல் பரிசு பெற்றுவிட்டார்கள். மகனுக்கு அப்போது வயது 25.

மேசை உப்பின் சாதாரணத் துகள் ஒன்று, பக்கத்துக்கு 0.3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விளிம்பில் மட்டும் சுமார் பத்து லட்சம் அயனிகள் வரிசையாக நிற்கின்றன. துகள் முழுவதிலும் உள்ளவற்றை உலகின் 800 கோடிப் பேருக்கும் பங்கிட்டால் தலைக்குப் பன்னிரண்டு கோடிக்கும் மேல் கிடைக்கும். இவ்வளவும் ஓர் ஒழுங்கு பிசகாமல்.

விமானத்திலிருந்தோ செயற்கைக்கோள் படத்திலோ உப்பளத்தைப் பார்த்தவர்கள் சில பாத்திகள் ரோஜா நிறத்தில் இருப்பதைக் கவனித்திருக்கலாம். உப்பில் நிறமில்லை, நிறம் உயிர்களுடையது. டுனாலியெல்லா சலினா என்ற ஒருசெல் பாசி, கடும் வெயிலிலிருந்து தப்பிக்கத் தன்னுள் கேரட்டில் இருக்கும் அதே பீட்டா கரோட்டினைச் சேர்த்துவைக்கிறது. மற்ற உயிர்கள் செத்துப்போகும் செறிவில்தான் நன்றாக வாழும் நுண்ணுயிர்களும் செந்நிறம் கூட்டுகின்றன. சிவந்த நீர் வெயிலை அதிகம் விழுங்கிச் சீக்கிரம் சூடாகும். ஆவியாதலுக்கு அது லாபம். இவற்றை ஆர்ட்டீமியா என்ற சின்னஞ்சிறு இறாலினம் தின்கிறது, அதைப் பூநாரை தின்கிறது. பூநாரையின் இறகு சிவப்பதற்கும் உணவிலிருந்து வரும் இந்தக் கரோட்டின் வகை நிறமிகளே காரணம்.

வடித்துவிடும் கசப்பு நீருக்கும் ஒரு கதை உண்டு. பிரான்சின் மாம்பெலியே நகரில் அந்துவான் பலார் என்ற இளம் வேதியியலாளர், உப்பெடுத்தபின் எஞ்சிய நீரில் குளோரினைச் செலுத்தியபோது நீர் செம்பழுப்பானது. அதிலிருந்து அவர் பிரித்த திரவம் 1826-ல் புதிய தனிமமாக அறிவிக்கப்பட்டது: புரோமின். சாதாரண அறைவெப்பத்தில் திரவமாக இருக்கும் தனிமங்கள் இரண்டே, பாதரசமும் இதுவும். ஜப்பானியர் இதே கசப்பு நீரைச் சோயாப்பாலில் ஊற்றித் திரிய வைத்துத்தான் டோஃபு செய்கிறார்கள்.

இப்போது 75 என்ற எண்ணுக்கு வருகிறேன். உப்பின் குணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தெவிட்டிய உப்புநீரிலிருந்து நீர் மூலக்கூறுகள் எளிதில் தப்ப முடியாது, அயனிகள் பிடித்துவைத்திருக்கின்றன. தூய நீரில் தப்புவதில் முக்கால் பங்குதான் இதில் தப்பும். அதனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதமாக இருந்தால், உப்புநீரிலிருந்து காற்றுக்குப் போகும் நீரும் காற்றிலிருந்து உப்புநீருக்கு வரும் நீரும் சமம். வெயில் அடித்தாலும் காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் பாத்தி மந்தமாகிவிடுவது இதனால்தான். வெயிலைவிட வறண்ட மேல்காற்றுக்கு உப்பளத்தில் மதிப்பு அதிகம். எல்லையைத் தாண்டிக் காற்று இன்னும் ஈரமானால், உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். தூத்துக்குடிப் பாத்தியில் நடப்பதற்கும் உங்கள் அடுக்களை உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதற்கும் ஒரே எண்தான் காரணம்.

ஆனால் சில வீட்டு உப்பு கோடையிலும் ஈரமாக இருக்கிறதே? அங்கே குற்றவாளி மெக்னீசியம் குளோரைடு. அதற்கு எல்லை 75 அல்ல, 33. சென்னையில் ஈரப்பதம் 33 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே கசப்பு நீரைச் சரியாக வடிக்காத உப்பு வருடம் முழுவதும் அழுதுகொண்டிருக்கும். ஈரத்தின்மேல் மெக்னீசியம் குளோரைடுக்கு உள்ள இந்தப் பேராசையையே உப்பளத்தார் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து வைத்தால், கல்லோடு ஒட்டியிருக்கும் மெக்னீசியம் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து நீராகி, அம்பாரத்தின் அடியில் கசிந்து போய்விடும். அழுக்கு தானாகவே வெளியேறுகிறது.

இன்னும் தூய்மை வேண்டுமென்றால் உப்பைக் கழுவுகிறார்கள். உப்பை எப்படிக் கழுவுவது, கரைந்துவிடாதா? நல்ல நீரில் கழுவினால் கரையும்தான். ஆனால் தெவிட்டிய உப்புநீரில் கழுவினால் கரையாது. உப்புக்கான பந்தி நிரம்பிவிட்டது, மெக்னீசியத்துக்கு இன்னும் இடம் இருக்கிறது. உப்புநீரில் உப்பைக் கழுவுவது என்று யோசித்த மூளைக்கு ஒரு கும்பிடு.

நல்ல நீருக்கு உப்பளத்தில் எல்லோரும் பயப்படுவதும் இதே காரணத்தால்தான். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு ஏக்கரில் நாலாயிரம் லிட்டர். முழுக்கத் தெவிட்டினால் அது ஏறத்தாழ 1,400 கிலோ உப்பைக் கரைக்க வல்லது. ஐந்து நிமிடத் தூறல் எத்தனை நாள் உழைப்பைக் கரைக்கும் என்று வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் ஆனையிறவிலும் கேட்டால் சொல்வார்கள்.

உசிலியோவின் தொட்டியில் நடந்தது கடல் அளவிலும் நடந்திருக்கிறது. 1970-ல், பழைய சேலஞ்சரின் பெயரைத் தாங்கிய 'குளோமர் சேலஞ்சர்' என்ற ஆய்வுக் கப்பல் மத்தியதரைக்கடலின் அடியைத் துளையிட்டபோது ஜிப்சமும் உப்பும் கிடைத்தன. ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக்கோடு இருந்த தொடர்பு குறுகி, அந்தக் கடல் பெருமளவு சுண்டிப்போயிருக்கிறது. அடியில் உள்ள உப்பு சில இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமன். கணக்கு இங்கே உதைக்கிறது. மத்தியதரைக்கடலின் சராசரி ஆழம் 1,500 மீட்டர். அவ்வளவும் ஒருமுறை வற்றினால் சுமார் 20 மீட்டர் உப்புதான் கிடைக்கும். அப்படியென்றால் அட்லாண்டிக் நீர் திரும்பத் திரும்ப உள்ளே வந்துகொண்டே இருந்திருக்க வேண்டும், வந்தது சுண்டிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். மடை திறந்து பாத்திக்கு நீர் பாய்ச்சுவதைப் பூமியே சில லட்சம் ஆண்டுகள் செய்திருக்கிறது. பாகிஸ்தானின் கியூராவில் வெட்டியெடுக்கும் இந்துப்பும் இப்படி வற்றிய கடல் ஒன்றின் எச்சமே. அதன் வயது ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல். அதற்குமுன் நம் நாட்டு உப்பு நேற்றுப் பிறந்த குழந்தை.

பிரமிடுப் படிகத்தைப் பார்க்க உப்பளம் போக வேண்டியதில்லை. வெந்நீரில் கல் உப்பைப் போட்டு, இனிமேல் கரையாது என்னும்வரை கலக்கி, துணியில் வடிகட்டித் தட்டில் ஊற்றுங்கள். துணியில் தங்குவது மண்ணும் ஜிப்சமும். தட்டை ஆடாமல் அசையாமல் வெயிலில் வைத்தால் சில மணி நேரத்தில் பரப்பில் பொட்டுகள் மிதக்கும். கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள், படிகள் தெரியும். தட்டு முழுவதும் காய்வதற்கு முன் மிச்ச நீரில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தால் கசப்பும் தெரியவரலாம்.

கடைசியாக ஒன்று. கடலிலிருந்து வருவதால் உப்பில் அயோடின் இயல்பாகவே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் அயோடின் சுமார் 0.06 மில்லிகிராம்தான். அதிலும் பெரும்பகுதி உப்போடு இறங்காமல் கசப்பு நீரோடு போய்விடுகிறது. அதனால்தான் இந்தியாவில் விற்கும் உப்பு வீட்டுக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். கல் உப்பானாலும் இந்துப்பானாலும், பொட்டலத்தில் 'அயோடின் சேர்த்தது' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.